ஆறாவது வாக்கியம்

ஆசிரியர் குடியிருப்பு,
லான்ஷி இரண்டாம் உயர்நிலைப் பள்ளி,
மார்ச் 6, 2004

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன், நூடுல்ஸிலிருந்து வெள்ளரிக்காய் வரை எல்லாவற்றிலும் வினிகர் ஊற்றும் ஊரில் மிளகாயிலேயே வளர்ந்த ஒரு ஹுனான்காரி எப்படிச் சுகமாக இருக்க முடியும் என்று எனக்குப் புரியாவிட்டாலும். நீ அனுப்பிய கம்பளிப் போர்வை வந்து சேர்ந்தது. அப்பா அதை முகர்ந்து பார்த்தார். "வடக்கத்தி ஆடு" என்றார். பிறகு அதை நாற்காலியில் விரித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளியில் புது வேடிக்கை. தலைமையாசிரியர் லெய் வாசலில் பெரிய பதாகை கட்டியிருக்கிறார்: உலகத்தோடு ஆங்கிலத்தில் உரையாடுவோம். காலையில் அவருக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னேன். "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்று நம் மொழியில் பதில் சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் வேகமாகப் போய்விட்டார். அவ்வளவுதான் உலகத்தோடு நடந்த உரையாடல்.

காலை வாசிப்பு இப்போது ஏழு பத்துக்கு. என் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். அதை வாசிப்பு என்று சொல்வது அநியாயம். ஐம்பத்தெட்டுத் தொண்டைகள் ஒரே வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்தில், உடனே சீனத்தில், இரண்டு தடவை கத்தும். புரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. சத்தம் குறைந்தால்தான் துணைத் தலைமையாசிரியர் ஜன்னலில் தலையை நீட்டுவார். ஒரே ஒரு ரசிகர் இருக்கிறார். நம் வீட்டு ஜன்னல் வகுப்புக்கு நேர் எதிரில் என்பதால் அப்பா தினமும் நாற்காலியை அங்கே இழுக்கச் சொல்லி, பக்கவாதம் விட்டுவைத்த நல்ல கையால் சட்டத்தில் தாளம் போடுகிறார். சத்தம் குறைந்த நாட்களில், "இன்னிக்கு உன் பசங்க கஞ்சி குடிக்கலையா?" என்று என்னைக் கேட்கிறார்.

மேற்படிப்புத் தேர்வுக்கு இந்த வருடமும் விண்ணப்பிக்கவில்லை. நீ கேட்பாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

இது அப்பாவின் குரங்கு ஆண்டு. அறுபது. பிறந்த ராசி ஆண்டு திரும்பி வந்தால் கெட்டது அண்டுமாம், இடுப்பில் சிவப்பு நாடா கட்டாமல் இந்த வருடத்தைக் கடக்க மாட்டாராம். எலாஸ்டிக் வைத்த கால்சட்டை தைத்துத் தருகிறேன் என்றேன். "பச்சக் குழந்தையா நான்?" என்று தட்டை நகர்த்திவிட்டார். அதனால் தினமும் காலையில் நான் மண்டியிட்டுக் கட்டுகிறேன். அவர் கூரையைப் பார்க்கிறார். நான் முடிச்சைப் பார்க்கிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், படித்ததும் மறந்துவிடு. இன்று கட்டும்போது நினைத்தேன்: நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பேருந்து ஓட்டிய இந்த மனிதர், இப்போது என்னால் இறக்கி வைக்க முடியாத சுமையாகிவிட்டார். ஒரு முடிச்சுப் போடும் நேரம்தான் நினைத்தேன். முடிச்சு விழுந்ததும் போய்விட்டது. ஆனாலும் நினைத்தேன் என்பது நினைத்ததுதான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

உன்,
யிங்தோங்


தையுவான்,
மார்ச் 21, 2004

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. லெய் கழிப்பறைக்கு ஓடிய இடத்தில் அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி முறைத்தாள். அவளுக்கு முறைக்க மட்டும்தான் தெரியும். வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து வாக்கியங்களைத் திருடி, "ஜான்" என்ற பெயரை "லீ மிங்" என்று மாற்றிவிட்டு, இது சீன மாணவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது என்று கையெழுத்துப் போடுகிறவள்.

எங்கள் ‘பசுங்கிளை’ வார இதழில் இப்போது எனக்கென்று ஒரு பத்தி கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு ஆங்கிலப் பெயர்ச்சொல். அதன் பொருள்கள், எதோடு சேர்ந்து வரும், எங்கே பயன்படுத்தக் கூடாது, நம் மாணவர்கள் வழக்கமாக எங்கே தடுக்கி விழுகிறார்கள், கடைசியில் ஆறு எடுத்துக்காட்டு வாக்கியங்கள், கீழே சீன மொழிபெயர்ப்பு. ஆறு லட்சம் பிரதிகள். ஆறு லட்சம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து, தேர்வில் கக்கிவிட்டு, மறந்துபோவார்கள். இதற்காகத்தான் நான் நாலு வருடம் மொழியியல் படித்தேன்.

எங்கள் இதழின் பொறுப்பாசிரியர் கோங்கைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், ஜாம் பாட்டிலில் தேநீர் குடிப்பவர். பாட்டிலை ஆட்டிக்கொண்டே என் மேசைக்கு வந்தார். "பெய் மான்ஷு, உங்க வாக்கியத்துலெல்லாம் பசை வாசனை அடிக்குது. மேசை மேல புத்தகம் இருக்கு, வானம் நீலமா இருக்கு. யாருக்கம்மா வேணும்? மனுஷ வாசனை அடிக்கணும்!" அதனால் புது விதி. எந்த வாக்கியத்தையும் நாங்களாக இட்டுக்கட்டக் கூடாது. யாராவது உண்மையில் சொன்னதாக, எழுதியதாக இருக்க வேண்டும். யார், எப்போது, எங்கே என்று ஒரு சீட்டு எழுதி இணைக்க வேண்டும். மற்றவர்கள் சீட்டையே இட்டுக்கட்டுகிறார்கள். "பேருந்து நிலையத்தில் ஒரு மூதாட்டி சொன்னது." தையுவான் பேருந்து நிலையத்தில் எந்த மூதாட்டி நிபந்தனை வாக்கியத்தில் பேசுகிறாள்? நான் மட்டும் ஒரு சீட்டிலும் பொய் எழுதியதில்லை. இந்தக் கட்டடத்தில் எனக்கிருக்கும் ஒரே கௌரவம் அது.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். நீ களைத்துப்போயிருக்கிறாய், அவ்வளவுதான். நன்றாகத் தூங்கு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். நீ எழுதுகிறவள், யிங்தோங். நான் காற்புள்ளி வைக்கிறவள்.

மே விடுமுறைக்கு வர முடியாது. தேர்வுச் சிறப்பிதழ். அப்பாவிடம் நீயே பதமாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
மான்ஷு


லான்ஷி,
ஏப்ரல் 18, 2004

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உனக்கு ஒரு பரிசு.

நம் பள்ளி வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பழைய ஆங்கில இதழ் இருக்கிறதே, அதன் நான்கு இதழ்களை எடுத்து, பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டேன். முப்பத்தொரு வட்டம். மறுநாளே லெய் கூப்பிட்டனுப்பினார்.

"பெய் டீச்சர், இது என்ன, அம்மை போட்ட மாதிரி?"

"பிழைங்க சார். வட்டாரக் கல்வி அதிகாரி அடுத்த வாரம் வராரு. அவர் மக ஆங்கில இலக்கியம் படிக்கிறாளாம்."

"கழட்டுங்க அதை! சரி, வேற எது நல்லது?"

"பசுங்கிளை."

"அது உங்க அக்கா வேலை பாக்குற எடமில்ல? பேஷ். அடுத்தது என்ன, உங்கப்பா படத்தை ஆபீஸ்ல மாட்டட்டுமா?"

"மாட்டுங்க சார். அவர் ஓட்டுன பஸ்லதான் நீங்க பயிற்சிக் கல்லூரிக்குப் போனீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டார். மே மாதத்திலிருந்து நான்கு வகுப்புகளுக்கும் உன் இதழ். ஐம்பத்தெட்டுத் தொண்டைகள் இனி என் அக்காவின் வாக்கியங்களைக் கத்தும். உன் வேலையை நீயே இவ்வளவு கேவலமாகப் பேசுகிறாய். யாராவது ஒருத்தர் அதைக் கொண்டாட வேண்டாமா?

மாதிரி இதழ் வந்ததும் அப்பாவிடம் காட்டினேன். பத்தியின் அடியில் உன் பெயரை அவ்வளவு பொடியாக ஏன் போடுகிறார்கள்? அப்பா கட்டை விரலை அதற்குக் கீழே வைத்து, விரலை எடுக்காமலே வாயிற்காவலர் ஷியாங் வரும்வரை காத்திருந்தார்.

"என் பெரியவ."

"எங்கே? எறும்பு ஊர்ந்த மாதிரில்ல இருக்கு."

"உன் பேரு எங்கே அச்சாயிருக்கு? கேட்டுச் சாவியிலயா?"

பக்கவாதம் வந்த பிறகு அப்பா இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொன்னது அன்றுதான்.

உன்,
யிங்தோங்


தையுவான்,
ஏப்ரல் 26, 2004

அன்புத் தங்கைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நீ செய்தது அன்பு, புரிகிறது. ஆனால் வேண்டாம். ‘பசுங்கிளை’ ஒரு குப்பை. உன் மாணவர்கள் பாவம். முடிந்தால் இந்தப் பருவத்துக்கு மட்டுமாவது பழைய இதழையே வாங்கச் சொல். செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தரம் அப்போது கொஞ்சம் தேறியிருக்கும்.

அப்பாவுக்கு ஒரு ரேடியோ அனுப்புகிறேன். காலை நேரத்தில் நல்ல நாட்டுப்புற நாடகம் போடுகிறார்கள், ஜன்னலை விட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கட்டும்.

மான்ஷு


லான்ஷி,
மே 20, 2004

மான்ஷு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்த தாளை அனுப்பவும் மனமில்லை. இது வேறு தாள்.

இந்த வாரத்துச் சொல் ‘பர்டன்’. உனக்குத் தெரியும். எண்ண முடியும் பெயர்ச்சொல். முதல் பொருள், முதுகில் ஏற்றும் பாரம். இரண்டாம் பொருள், மனத்திலோ கடமையிலோ ஏறும் பாரம். ‘ஹெவி’ என்ற அடைமொழியோடு அடிக்கடி வரும். நபரைக் குறிக்கும்போது ‘டு’ சேர்க்க மறக்காதீர்கள். நேர்த்தியாகத்தான் எழுதியிருந்தாய். முதல் வாக்கியம் கழுதை. இரண்டாவது விவசாயியும் வரியும். மூன்றாவது வீட்டுப்பாடம், அதற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான்காவது குற்ற உணர்வு, ஐந்தாவது நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பொறுப்பு.

நான் முன்னாலேயே படித்துப் பார்க்கவில்லை. என் அக்கா எழுதியது, படித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று கட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

ஆறாவது: "தினமும் காலையில் தன் முதிய தந்தையின் சிவப்பு நாடாவைக் கட்டிவிடும் அந்த மகளுக்கு, ஒரு காலத்தில் மலைப்பாதையில் பேருந்து ஓட்டிய அவர், இப்போது இறக்கி வைக்க முடியாத சுமை."

முதலில் ஆங்கிலம். ஆங்கிலத்தில் கத்தும்போது யாருக்கும் எதுவும் உறைப்பதில்லை, எனக்கே அரைக்கணம் பிடித்தது. பிறகு சீனம். இரண்டாம் பெஞ்சில் இருக்கும் தியென் ஷுவாங் முதலில் நிறுத்தினாள். அப்பாவுக்குச் சந்தையிலிருந்து புகையிலை வாங்கி வந்து தருகிறவள். அடுத்து அவள் பெஞ்சு. அடுத்து குடியிருப்புப் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள். ஒவ்வொரு வாயாக மூடியது. மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒன்றும் தெரியாது. வழக்கப்படி இரண்டாம் தடவையும் கத்தினார்கள். மற்றவர்கள் நிறுத்திவிட்டதால் அது இன்னும் தெளிவாகக் கேட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல், "ஏய், இது நம்ம பெய் டீச்சரோட..."

"மூடுறா."

"இல்லடா, சிவப்பு நாடா, பஸ்ஸு..."

"மூடுறான்னா!"

என் முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் கரும்பலகையை அழித்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தேதிகளைப் போட்டுப் பார்த்தேன். என் ஏப்ரல் கடிதம் உனக்குக் கிடைத்தபோது இந்த இதழ் அச்சுக்குப் போயிருக்காது. குப்பை என்று எழுதினாய், தரம் தேறட்டும் என்று எழுதினாய், ரேடியோ அனுப்பினாய். ஒரு வரியை எடுத்துவிட மட்டும் உனக்குக் கை வரவில்லை. லெய்யைப் பார்த்து நாம் சிரித்தோமே, அவர் பதாகை கட்டுகிறவர், அவ்வளவுதான். யாருடைய கால்சட்டையையும் அவிழ்த்து ஆறு லட்சம் பேருக்குக் காட்டியதில்லை. பக்கத்து மேசைக்காரி வெளிநாட்டுப் பத்திரிகையில் திருடுகிறாள் என்று மூக்கைச் சுளித்தாயே. அவள் முன்பின் தெரியாதவர்களிடம்தான் திருடுகிறாள்.

சீட்டில் என்ன எழுதினாய்? ‘தங்கை, மார்ச், மண்டியிட்ட நிலையில்’ என்றா?

எதிரே ஜன்னலில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

பெய் யிங்தோங்


தையுவான்,
மே 29, 2004

யிங்தோங்,

சீட்டில் ‘தனிக்கடிதம், 2004’ என்று எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். ஊர் பெயர் போடவில்லை, ஆள் பெயர் போடவில்லை. உங்கள் பள்ளி இதழை வாங்குவதாகவே அப்போது இல்லை. இழுத்து வந்தது நீ. நிறுத்தச் சொன்னேன். கேட்டாயா?

நீ இவ்வளவு கத்துவது எதற்கு என்று எனக்குத் தெரியும். வாக்கியம் பொய் என்பதற்காக அல்ல. அதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்திருந்தால் நீயும் உன் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பாய். அதை நான் நினைக்கவில்லை, நீ நினைத்தாய். நான் எழுதவில்லை, நீ எழுதினாய். கண்ணாடியைப் பிடித்தவளைத் திட்டுகிறாய்.

கோங் அந்த வாக்கியத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். "பாருங்க, இதுல மனுஷ வாசனை அடிக்குது." மூன்று வருடத்தில் இந்த அலுவலகம் முதல் தடவையாக ஒரு வாக்கியத்துக்காக அமைதியானது. ஏப்ரலில் உன் கடிதம் வந்தபோது அதை எடுத்துவிட உட்கார்ந்தேன், நம்பினால் நம்பு. எடுத்த இடத்தில் வைக்க ஒன்றும் இல்லை. புதிதாக ஒன்று இட்டுக்கட்டியிருக்கலாம், மற்றவர்களைப் போல. நான் இட்டுக்கட்டுவதில்லை. உனக்கு இது ஆணவமாகத் தெரியும். வேறு எதுவும் இல்லாதவளுக்கு இதுதான் இருக்கிறது.

திருத்தம் வெளியிட முடியுமா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிழைகளுக்குத்தான் திருத்தம் போடுவார்கள்.

அப்பாவுக்குக் காது மந்தம். கேட்டிருக்காது.

மான்ஷு


லான்ஷி,
ஜூன் 14, 2004

அக்கா,

கேட்டிருக்கிறது.

இருபத்தைந்து நாளாக நான் உனக்கு எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கைக்கு நேரம் இல்லை. அந்த வாசிப்பு நடந்த மறுநாள் காலை வழக்கம்போல் நாடாவோடு போனேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே நல்ல கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "விடுங்கப்பா, கட்டுறேன்" என்றேன்.

"இறக்கி வை, சின்னவளே."

"எதை?"

"இறக்கி வைக்கலாம். பாரம்னா இறக்கி வைக்கிறதுக்குத்தான்."

அன்றிலிருந்து என்னைத் தொடவிடவில்லை. அவருக்கிருப்பது ஒரு நல்ல கை. அது கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் கைத்தடியைப் பிடிக்க முடியாது. கரண்டியைப் பிடிக்க முடியாது. உட்கார்ந்திருக்கும்போது மட்டும் சாப்பிடுகிறார், கொஞ்சமாக. ஜன்னல் பக்கம் போவதில்லை. காலை வாசிப்பு தொடங்கும்போது உன் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்கிறார். நீ விரும்பியது நடந்துவிட்டது.

போன புதன்கிழமை நான் வகுப்பில் இருந்தபோது தனியாகக் குழாயடிக்குப் போயிருக்கிறார். தடி இல்லாமல். விழுந்துவிட்டார். கால்சட்டையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்திருந்தால் விழுந்திருக்க மாட்டார். விடவில்லை. ஷியாங்தான் தூக்கி வந்தார். கன்னத்தில் தோல் உரிந்திருக்கிறது, இடுப்பில் அடி, எலும்பு முறியவில்லை. ஷியாங் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, கெழவன் தூக்கவே விடலம்மா. 'பாரம், பாரம், நீயும் தூக்காத'ங்கறான். என்ன ஆச்சு இவனுக்கு?" என்று கேட்டார்.

அடுத்த தடவை எலும்பு முறியும். மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

நேற்று அப்பா நேராகவே கேட்டார். "அதைச் சொன்னது யாரு? நீயா, அவளா?" நான் மருந்துப் பாட்டிலின் மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். கரும்பலகை, பாட்டில் மூடி, எனக்குக் குனிய எப்போதும் ஏதாவது கிடைத்துவிடுகிறது.

நீ எழுதியதில் ஒன்று சரி. நினைத்தது நான்தான். மறுக்கவில்லை. அந்த அசிங்கம் என்னுடையது, அதை நான் கழுவிக்கொள்கிறேன். ஆனால் நாளைக் காலையிலும் அவர் முன்னால் மண்டியிட வேண்டியது நான். நீ இல்லை. நான்தான் நினைத்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் இனி ஒருபோதும் என் கையைத் தொடவிட மாட்டார்.

ஆகவே அவருக்கு ஒரு கடிதம் எழுது. அந்த வாக்கியம் நீயாக இட்டுக்கட்டியது, அதில் வருவது வேறு யாரோ ஒரு முதியவர் என்று எழுது. உன் பெயரில் அச்சானதை அவர் நம்புவார். நீ பொய் எழுதுவதில்லை, தெரியும். அந்தக் கௌரவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ அங்கே என்ன செய்கிறாய் என்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை எழுது. ஆறு லட்சம் பேருக்கு வேண்டாம். ஒருத்தருக்கு.

யிங்தோங்


தையுவான்,
ஜூன் 23, 2004

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

யிங்தோங், இதை நீ அப்பாவுக்குச் சத்தமாக வாசி. ஒரு வார்த்தையும் மாற்றாதே, மென்மைப்படுத்தாதே.

அப்பா, நீங்கள் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். கன்னம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த வாரத்து இதழில் ஒரு சிவப்பு நாடாவைப் பற்றிய வாக்கியம் வந்தது. நீங்கள் கேட்டீர்கள். வேறு யாரோ ஒரு முதியவர் என்று உங்களுக்கு எழுதும்படி எனக்கு யோசனை சொன்னார்கள். நீங்கள் நம்ப மாட்டீர்கள். லான்ஷியில் மலைப்பாதையில் பேருந்து ஓட்டி, குரங்கு ஆண்டில் அறுபது முடிந்தவர் எத்தனை பேர்? அது நீங்கள்தான்.

அதை எழுதியது நான். சொன்னதும் நான், நினைத்ததும் நான். யிங்தோங் எனக்கு எழுதும் கடிதங்களில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், ஷியாங்கை என்ன கிண்டல் செய்தீர்கள், போர்வையை எப்படி முகர்ந்து பார்த்தீர்கள் என்பது மட்டுமே இருக்கும். நாடா கட்டுவதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாள், நீங்கள் எலாஸ்டிக் வேண்டாம் என்று தட்டை நகர்த்தியதைச் சிரித்துச் சிரித்து எழுதியிருந்தாள். மீதியை நான் சேர்த்தேன். அவள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். வைத்துப் பார்த்ததும் எனக்கு அந்தச் சொல்தான் வந்தது.

கட்டிவிடுகிறவளுக்கு அப்படித் தோன்றியிருக்காது, அப்பா. அவளுக்கு அதற்கு நேரம் ஏது? தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் அப்படித் தோன்றும். மூன்று வருடமாக வசந்த விழாப் புத்தாண்டுக்கு நான் வரவில்லை. சிறப்பிதழ் என்றேன், டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன், போன வருடம் காய்ச்சல் என்றேன். டிக்கெட் கிடைத்தது. காய்ச்சல் இல்லை. வாசலில் நின்று உங்கள் வலது கையைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று பயந்துதான் வரவில்லை. போர்வை அனுப்பினேன், ரேடியோ அனுப்பினேன். சுமையாக நினைத்தவள் யார் என்று நீங்கள் கேட்டால், ஒரு தடவையும் தூக்கிப் பார்க்காதவள்தான்.

உங்கள் கோபம் சரியான முகவரிக்கு வரட்டும். சின்னவளுக்கு இதில் பங்கில்லை. இதை அவள் வாசித்து முடித்ததும் எழுந்து நில்லுங்கள். கையை எடுங்கள். அவள் கட்டட்டும்.

உங்கள் மூத்த மகள்,
மான்ஷு


லான்ஷி,
ஜூலை 2, 2004

அக்காவுக்கு,

வாசித்தேன். நீ சொன்னபடி ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை என்று விரலால் சைகை காட்டினார். இரண்டாம் தடவை, டிக்கெட் கிடைத்தது என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு "மேல படி" என்றார். முடித்ததும் மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து எழுந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நான் நாடாவை எடுத்துக்கொண்டு போய் மண்டியிட்ட பிறகுதான் கையை எடுத்தார். கட்டினேன். இந்தத் தடவை அவர் கூரையைப் பார்க்கவில்லை. என் உச்சந்தலையில் அவர் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. "ரெண்டு முடிச்சு போடு" என்றார். போட்டேன்.

இப்போது தடியோடு குழாயடிவரை போய் வருகிறார். நேற்று ஷியாங், "பெரியவ கடுதாசி போட்டாளா?" என்று கேட்டதற்கு அப்பா ஒரு பதில் சொன்னார். ஷியாங்கும் அதற்கு ஏதோ சொன்னார். இரண்டையும் உனக்கு எழுத மாட்டேன். இனிமேல் இந்த வீட்டில் யாரும் பேசுவதை நான் உனக்கு எழுதுவதாக இல்லை. உன்மேல் உள்ள வெறுப்பு தீர்ந்துவிட்டதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். தீரவில்லை. அந்த இடத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் தேட மாட்டேன், பெயர் வைத்தால் உன் பத்திக்குப் போய்விடும்.

நீ அப்பாவுக்கு எழுதியதில் எது பொய், எது பொய் இல்லை என்று நான் கேட்கப்போவதில்லை. வாசிக்கும்போது ஓர் இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அப்பா கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் முப்பது வருடம் வளைவுகளில் ஓட்டியவர். எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று அறிய வேண்டுமானால் தையுவானிலிருந்து சாங்ஷாவுக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து பேருந்து. விடுமுறை பதினைந்தாம் தேதி தொடங்குகிறது. நான் மூன்று நாள் மாகாணப் பயிற்சிக்குப் போக வேண்டும். ஷியாங்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஷியாங் போடும் முடிச்சு நிற்காது.

அப்பா ஆறரைக்கு எழுந்திருப்பார். முதலில் வெந்நீர். பிறகு தரையில் ஊன்ற இடது கால், அதன் பிறகுதான் வலது கால்.

யிங்தோங்